புட்டியிலடைத்தலுக்கு ஏற்ற பாத்திரம்
(மந்தைவெளி மாதர்களுக்கான பிரசங்கம்)



மந்தைகள் மேய்ந்த வெளியென்பதை மந்தைவெளியின் பெயரே அறிவிக்கும். இக்காலத்தில் அங்கே மேய்ச்சலுமில்லை, தோட்டமுமில்லை. காயும் கனியும் கடையிலிருந்தே வருகின்றன. ஆகவே மாங்காயும் தக்காளியும் மலியுங் காலத்தில் வாங்கிப் புட்டிகளில் அடைத்து வைக்க இல்லத்தார் விரும்புவது இயல்பே. சாமான்களை வாங்குமுன், அடைக்கப்போகும் பண்டம் புளிப்புள்ளதா, அல்லவா என்று தீர்மானித்தல் வேண்டும். எந்தப் பாத்திரம் தகும் என்பது அதையே பொறுத்தது.

1810-ல் தமது முறையை நூலாக வெளியிட்ட நிக்கலா அப்பேர் என்னும் பிரெஞ்சுக்காரர் கண்ணாடிப் புட்டிகளையும் கொதிநீரையுமே கையாண்டார். மாங்காய், நெல்லிக்காய், அன்னாசி முதலிய புளிப்புப் பண்டங்களுக்கு இன்றும் அவ்வளவே போதும். புட்டிகளின் மூடிக்கு மேல் ஓர் அங்குலம் நீர் நின்று, கொதிக்கவும் இடமுள்ள ஆழமான தவலை வேண்டும். புட்டிகள் அடியைத் தொட்டால் வெடிக்கக்கூடுமாதலால், துவாரமிட்ட தட்டொன்றைக் கீழே இடுதல் அவசியம். பெரிய இட்லிக் கொப்பரை பல வீடுகளில் இதற்கு உதவும். மந்தைவெளியில் நீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. உதகமண்டலத்தில் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்குள்ள உறவினருக்கு இதே கால அளவைச் சொல்லியனுப்பலாகாது.

தக்காளியின் புளிப்பு நிச்சயமற்றது. அரை லிட்டர் புட்டிக்குக் கால் தேக்கரண்டி சிட்ரிக் அமிலம் சேர்த்தே அடைக்க வேண்டும். பப்பாளியும் வாழையும் பழமென்ற பெயரால் ஏமாற்றுவன; அவற்றில் போதிய புளிப்பில்லை.

பீன்ஸ், பட்டாணி, முருங்கை, மீன், இறைச்சி ஆகியவற்றின் விஷயம் வேறு. பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துக்கள் கொதிநீரில் நெடுநேரம் கிடந்தும் சாகா. காற்றற்ற, புளிப்பற்ற புட்டியில் அவை முளைத்து விஷத்தை உண்டாக்கும். உணவின் நிறமும் மணமும் மாறாமலே இருக்கக்கூடும். உண்டவருக்கோ பார்வை இரட்டிக்கும், நாக் குழறும், மூச்சுத் தசைகள் செயலற்று மரணமும் நேரலாம்.

வீட்டுக் குக்கரும் ஏறக்குறைய 120 டிகிரி வரை சூடேறுகிறதே, அது போதாதா என்று கேட்போர் பலர். கேள்வி நியாயமானதே. ஆயினும் சிறு குக்கர் விரைவில் சூடேறி விரைவில் ஆறுகிறது. விசில் அடிக்குந்தோறும் அழுத்தம் ஏறி இறங்குகிறது. பரிசோதித்து வகுத்த கால அளவுகள் யாவும், மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும் பெரிய அழுத்தக் கலத்துக்கே உரியவை. அக்கலம் இல்லாதவர் இவற்றை அடைக்கும் எண்ணத்தையே விடுதல் நன்று. கொத்தவரை, சுண்டை, மணத்தக்காளி ஆகியவற்றை வற்றலாக்கும் பாட்டிமார் வழக்கத்தில் இந்த அபாயமில்லை.

தகர டப்பாக்களை மடித்து மூடும் யந்திரம் குடும்பத்திற்கு வீண் செலவு. பழைய ஜாம் புட்டிகள் சூட்டில் வெடிக்கக்கூடும். இதற்கென்றே செய்த தடித்த புட்டிகளை வாங்குக. தட்டை மூடியை ஒருமுறைக்கு மேல் உபயோகிக்கலாகாது. கடற்காற்றில் திருகு வளையம் துருப்பிடிக்குமாதலால், புட்டி ஆறியபின் அதைக் கழற்றித் துடைத்துத் தனியே வைக்க வேண்டும். மறுநாள் மூடியின் நடுவை விரலால் அழுத்தும்போது அது அமுங்கி மேலெழும்பினால் அப்புட்டி சரியாக மூடிக்கொள்ளவில்லை. அதைக் குளிர்ப்பெட்டியில் வைத்து இரண்டொரு நாளில் உண்டு தீர்க்க வேண்டும்.