காற்று நுழையும் பாதையும் கரைப்பான்களும்

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும் என்பதால், கார் என்ஜினில் காற்று செல்லும் பாதை எரிபொருள் செல்லும் பாதையைக் காட்டிலும் பல மடங்கு அகலமாக அமைக்கப்படுகிறது. ஏர் ஃபில்டர் எனப்படும் வடிகட்டியைத் தாண்டிய காற்று, தன் அளவைக் கணிக்கும் சென்சாரைக் கடந்து, ஆக்சிலரேட்டரை மிதிக்கும் அளவுக்கேற்பத் திறந்து மூடும் வட்டத் தகட்டைக் கொண்ட த்ராட்டில் பாடிக்குள் நுழைந்து, கிளைக் குழாய்களாகப் பிரிந்து, வால்வுகளின் வழியே சிலிண்டரை அடைகிறது. வடிகட்டி ஒழுங்காக இருந்தும் இந்தப் பாதை ஏன் கறுத்துப்போகிறது என்று கேட்டால், அந்த அழுக்கில் பெரும்பகுதி சாலையிலிருந்து வருவதன்று, என்ஜினே ஈனுவது என்பதுதான் விடை.

எரிந்த வாயுவில் ஒரு சிறு பங்கு பிஸ்டன் வளையங்களின் இடுக்கில் கீழே கசிந்து, கிராங்க் அறையிலுள்ள ஆயில் ஆவியோடு கலக்கிறது. முற்காலத்தில் இந்தக் கலவை வெளியே விடப்பட்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சூழ்ந்த புகைமூட்டத்திற்கு இதுவும் ஒரு காரணம் என்று தெரியவந்ததையடுத்து, அதை மீண்டும் என்ஜினுக்குள் இழுத்து எரித்துவிடும் பிசிவி என்னும் அமைப்பு 1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் புதிய கார்களில் இடம்பெற்று, பின்னர் பிற நாடுகளுக்கும் பரவியது. ஊர்க்காற்றைச் சுத்தமாக்கிய அதே ஏற்பாடுதான் என்ஜினின் காற்றுப்பாதையில் எண்ணெய்ப் பிசுக்கைக் கொண்டுவந்து சேர்த்தது.

இந்தப் பிசுக்கு முதலில் தொல்லை தருவது த்ராட்டில் தகட்டின் விளிம்பில்தான். வண்டி நிற்கும்போது என்ஜின் ஐடிலில் ஓடத் தேவையான காற்று, கிட்டத்தட்ட மூடிய தகட்டின் ஓரத்திலுள்ள மிகக் குறுகிய இடைவெளி வழியே செல்கிறது; டார்ச் அடித்துப் பார்த்தால் தகடு சுவரைத் தொடும் இடத்தில் ஒரு கறுப்பு வளையம் தெரியும். அந்த வளையம் தடிக்கத் தடிக்க இடைவெளி சுருங்கி, சிக்னலில் வண்டி உதறுவதும், சில நேரம் தானாக ஆஃப் ஆவதும் நிகழ்கின்றன.

கரைப்பான் என்பது பிறிதொரு பொருளைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும் திரவம். ஒர்க்‌ஷாப்புகளில் கார்ப் கிளீனர் என்று வழங்கும் ஸ்ப்ரே டின்களில் பெரும்பாலும் அசிட்டோன், டொலுயீன், சைலீன், மெத்தனால் போன்றவற்றின் கலவை இருக்கிறது. அசிட்டோன் 56 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும் இயல்புடையது ஆகையால், பிசுக்கைக் கரைத்த கையோடு தானும் ஆவியாகிவிடுகிறது. த்ராட்டில் பாடியில் படிந்திருப்பது இன்னும் கரியாகாத எண்ணெயும் தூசும் என்பதால், அங்கே கரைப்பான் சொன்ன வேலையைச் செய்கிறது. ஆனால் டின்னை நேரே காட்டி அடிப்பதைவிடத் துணியை நனைத்துத் துடைப்பதே மேல். ஏனெனில் தகட்டைத் தாங்கும் தண்டின் சீல்களுக்குள் திரவம் புகுந்தால், மறுமுனையிலுள்ள மோட்டாரும் மின்னணு உறுப்புகளும் கெடக்கூடும். சில தயாரிப்பாளர்கள் துளையின் உட்சுவரில் மெல்லிய பூச்சு ஒன்றையும் கொடுத்திருப்பதால், கடுமையான கரைப்பான் அதையும் சேர்த்து உரித்துவிடும். சுத்தம் செய்தபின் ஐடில் திடீரென உயர்வதும் உண்டு: அழுக்கு சேரச் சேரத் தகட்டைச் சற்றுக் கூடுதலாகத் திறந்துவைக்கப் பழகிய என்ஜின் கம்ப்யூட்டருக்கு, அழுக்கு போன செய்தி தெரியாது. ஸ்கேனரால் அந்தக் கணக்கை அழித்துப் புதிதாகப் பதியவைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

காற்றளவு சென்சார் வேறு வகை. மிக மெல்லிய பிளாட்டினக் கம்பியோ படலமோ சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக வைக்கப்பட்டு, கடந்து செல்லும் காற்று அதைக் குளிர்விக்கும்போது அச்சூட்டைக் காக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதைக்கொண்டு காற்றின் அளவு கணிக்கப்படுகிறது. அசிட்டோனும் டொலுயீனும் அதன் பிளாஸ்டிக் கூட்டையும் பசையையும் தின்றுவிடும் என்பதால், ஹெக்ஸேன், ஹெப்டேன் போன்ற மென்மையான கரைப்பான்களாலான தனி டின்னே இதற்கு உரியது. துணியோ பஞ்சோ அந்தக் கம்பியில் படவே கூடாது. ஒரே டின்னால் எல்லாவற்றையும் முடித்துவிட எண்ணும் சிக்கனம், சென்சாரின் விலையில் போய் முடிகிறது.

கையில் கிடைத்த பிரேக் கிளீனரை இதற்குப் பயன்படுத்துவது இன்னும் ஆபத்தானது. குளோரின் கலந்த வகைகள் எளிதில் தீப்பற்றாதவை என்பதே அவற்றின் மீது ஒரு பொய்யான நம்பிக்கையை உண்டாக்குகிறது. கடுஞ்சூட்டில் அவை சிதைந்தால், முதல் உலகப் போரில் நச்சு வாயுவாகப் பயன்பட்ட பாஸ்ஜீன் உருவாகலாம். பழைய கிளீனர்களில் பரவலாக இருந்த மெத்திலீன் குளோரைடு என்னும் கரைப்பானைப் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு விற்பதை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024இல் தடைசெய்துவிட்டது.

விளம்பரங்கள் அதிகம் வாக்களிப்பதும், கரைப்பான் குறைவாகச் சாதிப்பதும் வால்வின் முதுகில்தான். பழைய முறையில் பெட்ரோல் வால்வுக்கு முன்னால் தெளிக்கப்பட்டதால், அதுவே வால்வைக் கழுவிக்கொண்டிருந்தது. மிட்சுபிஷி நிறுவனம் 1996இல் ஜப்பானில் தன் கேலண்ட் காரில் கொண்டுவந்த ஜிடிஐ போன்ற நேரடித் தெளிப்பு என்ஜின்களில், பெட்ரோல் சிலிண்டருக்குள்ளேயே பாய்கிறது. வால்வைத் தொடுவது காற்றும் ஆயில் ஆவியும் மட்டுமே. சூட்டில் வெந்து இறுகிய அந்தப் படிவு எண்ணெயாக இருந்த நிலையைக் கடந்து கரியாகிவிட்டது. கரைப்பான் அதை ஓரளவு இளக்கலாமே தவிர, கரைத்து எடுத்துவிடாது. ஓடும் என்ஜினுக்குள் ஸ்ப்ரே அடிக்கும்போது அளவு மீறினால், எரியாத ஆவி வெளியேற்றக் குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சென்றடைந்து அதை அளவுக்கு மீறிச் சூடாக்கும். ஆகவேதான் பாதையைக் கழற்றி, அரைத்த வால்நட் ஓட்டுத்தூளை அழுத்தக் காற்றுடன் வால்வின் மேல் பீய்ச்சி, கூடவே உறிஞ்சி எடுக்கும் முறை வழக்கத்துக்கு வந்தது. டொயோட்டா போன்றோர் வால்வுக்கு முன்னும் இன்னொரு இன்ஜெக்டரை வைத்து, பழைய கழுவலை மீட்டுக்கொண்டனர்.

டீசல் வண்டிகளுக்கு இந்த ஸ்ப்ரே முறையே ஏற்றதன்று. டீசல் என்ஜினின் வேகம் உட்செல்லும் எரிபொருளின் அளவால் மட்டுமே கட்டுப்படுவதால், காற்றோடு கலந்து நுழையும் கரைப்பான் ஆவியும் எரிபொருளாகிவிட, சாவியைத் திருப்பி அணைத்தாலும் நிற்காமல் என்ஜின் வேகமெடுக்கும் அபாயம் உண்டு. வெளியேற்றப் புகையில் ஒரு பங்கைத் திரும்பவும் உள்ளே விடும் ஈஜிஆர் அமைப்பின் கரியும் ஆயில் ஆவியும் சேர்ந்து தாராக அப்பிய பாகங்களைக் கழற்றி, வண்டிக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் ஊறவைத்துச் சுரண்டி, ஈரம் முழுதும் காய்ந்தபின் புதிய கேஸ்கெட் போட்டுப் பூட்டுவதே அங்கே முறை.