பெயர் ஒன்று, பொருள் பல
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

எமக்குத் தரப்பட்ட தலைப்பு போதைப்பொருள் ஒழிப்பு. இதுபற்றி இம்மேடையிலே பலர் பல முறை பேசியுள்ளனர். தீயது, தீண்டாதீர் என்று அவர்கள் கூறியதையே நாமும் கூறி அமர்ந்தால் எவர்க்கும் புதுப்பயன் விளையாது. ஆகவே, அப்பெருந் தலைப்பினுள் ஒரு சிறு கூற்றை மட்டும் எடுத்துக்கொள்கின்றோம். கஞ்சா என்னும் ஒரே பெயரால் வழங்கும் பொருட்கள் எத்தனை, அவை ஒன்றினின்று ஒன்று எவ்வாறு வேறுபடுகின்றன என்பதே அக்கூறு.

இதனை ஏன் அறிதல் வேண்டும்? எமது வாவியின் இரு கரையிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், இரண்டு வகையான பேச்சுக் கேட்கின்றது. "அந்தக் காலத்திலே பரியாரியார் லேகியத்தில் சேர்த்ததுதானே, அதனால் யார் கெட்டார்கள்?" என்பார் ஒரு பெரியவர். "இது கஞ்சா இல்லைத் தம்பி, வெறும் எண்ணெய்தான், புகையும் இல்லை, மணமும் இல்லை" என்பான் இளைஞனைத் தனியே அழைத்துப் பேசுபவன். முன்னவர் பழைய பெயரைக் கொண்டு புதிய பொருளை எடைபோடுகின்றார். பின்னவன் புதிய பெயரைக் கொண்டு பழைய பொருளை மறைக்கின்றான். இருவர் பேச்சிலும் விடுபட்டது ஒன்றே, அது செறிவு.

செறிவு என்பதை விளக்க நாம் தூரம் போகவேண்டியதில்லை. தென்னங்கள்ளும் சாராயமும் ஒரே பாளையின் பிள்ளைகள்தாம். ஆயினும் கள்ளுக் குடிக்கும் கிண்ணத்தால் சாராயத்தை அளந்து குடிப்பவன் என்னாவான் என்பது யாவரும் அறிந்ததே. பாளை ஒன்றாயினும் வடிசாலையைக் கடந்து வந்தது வேறொரு பொருள். கஞ்சாவின் கதையும் அத்தகையதே.

இனிச் செடியை நோக்குவோம். கஞ்சாச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு. பெண் செடியின் பூங்கொத்திலே, கண்ணுக்கு எட்டியும் எட்டாத சிறு சுரப்பு மயிர்கள் உண்டு. அவற்றின் நுனியிலே பிசின் திரளும். மயக்கம் தரும் பொருள் அப்பிசினிலேதான் மிகுந்துள்ளது. இலையில் அது சிறிது. தண்டில் மிகச் சிறிது. விதையின் உள்ளே இல்லை. அப்பொருளின் பெயர் தெற்றாஹைட்ரோகன்னபினோல், சுருக்கமாக ரி.எச்.சி. என்பர். இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானிகளான ரபாயேல் மெக்கூலம், யெகியேல் கவோனி ஆகிய இருவரும் 1964ஆம் ஆண்டில் அதனைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பை விளக்கினர். அதே செடியில் கன்னபிடியோல், அதாவது சி.பி.டி., என்னும் இன்னொரு பொருளும் உண்டு. அது அவ்வாறு மயக்குவதில்லை. பச்சைச் செடியில் ரி.எச்.சி. அமில வடிவிலேயே பெரும்பாலும் இருக்கின்றது. சூடு பட்ட பின்னரே மயக்கும் வடிவை அடைகின்றது. மேலும் அது கொழுப்பிலும் மதுசாரத்திலும் கரையும். நீரில் அரிதாகவே கரையும். இவ்விரண்டு உண்மைகளையும் மனத்திற் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

பழைய வடிவங்களை முதலிற் காண்போம். 1893ஆம் ஆண்டிலே இந்திய அரசாங்கம் ஏழு உறுப்பினர் கொண்ட ஆணைக்குழு ஒன்றை நியமித்தது. அது ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, 1894இல் ஏழு தொகுதிகளாக அறிக்கை அளித்தது. அவ்வறிக்கை மூன்று பொருட்களைப் பிரித்துக் காட்டிற்று. இலையை அரைத்துப் பாலோடும் வாசனைப் பண்டங்களோடும் கலந்து பருகுவது பாங். பெண் செடியின் பூமுடியை உலர்த்திப் புகைப்பது கஞ்சா. செடியினின்று பிரித்தெடுத்த பிசின் மட்டும் திரண்டது சரஸ். அக்காலத்தில் சரஸின் பெரும்பகுதி யார்க்கந்து நாட்டிலிருந்து லே வழியாக மலைகடந்து பஞ்சாபுக்கு வந்தது. இமாசலப் பிரதேசத்து மலாணா ஊரின் சரஸ் இன்றும் பெயர் பெற்றது. அது பூங்கொத்தை உள்ளங்கைகளால் தேய்த்து, கையில் ஒட்டிய பிசினைத் திரட்டியெடுப்பது. ஆக, செறிந்த வடிவம் என்பது நேற்று மேல்நாட்டார் கண்ட புதுமையன்று. சரஸே அதன் மூத்த பிள்ளை.

அடுத்தது கரைத்தெடுக்கும் வழி. 1839ஆம் ஆண்டளவில் கல்கத்தாவிலே பணியாற்றிய ஐரிஷ் வைத்தியர் வில்லியம் ஓஷானசி, கஞ்சாவை மதுசாரத்தில் இட்டுச் சாறெடுத்து நோயாளருக்குக் கொடுத்து ஆராய்ந்தார். அவர் எழுதியதன் பின் அச்சாறு ஐரோப்பிய மருந்துச்சாலைகளிற் புகுந்தது. ஆனால் ஒரு புட்டியின் வலிமை மற்றொரு புட்டியில் இல்லை. ஒரு வைத்தியர் கொடுத்த பத்துத் துளி ஒன்றும் செய்யவில்லை. இன்னொருவர் கொடுத்த பத்துத் துளி நோயாளியை நிலைகுலையச் செய்தது. அளக்க இயலாத மருந்தை வைத்தியம் நெடுங்காலம் வைத்திருக்கவில்லை. அது கைவிடப்பட்டமைக்கு வேறு காரணங்களும் உண்டெனினும் இது முதன்மையானதொன்று.

எமது நாட்டு வைத்தியத்தில் வழங்கும் லேகியங்களும் மதன மோதகமும் இவ்வரிசையைச் சேர்ந்தவையே. நெய்யிலே வறுப்பதும் கிண்டுவதும் வீண் சடங்கல்ல. கொழுப்பிலே கரையும் பொருளைக் கொழுப்பிலே இறக்கும் அறிவு அது. சித்த மருத்துவத்தில் கஞ்சாவைச் சுத்தி செய்யாது மருந்திற் சேர்ப்பதில்லை. அளவும் அனுபானமும் பத்தியமும் அங்கே விதிக்கப்பட்டன. பெரியவர் நினைவிலுள்ள லேகியம் இந்த வேலிக்குள் நின்றது என்பதை மறத்தலாகாது. வேலியை விட்டுவிட்டு லேகியத்தை மட்டும் எடுத்துக்காட்டுதல் முறையன்று.

இனிப் புதிய வடிவங்கள். இவை பல பெயரில் வரினும் வழிகள் சிலவே. முதலாவது, உலர்ந்த பூவைச் சல்லடையில் அரித்துச் சுரப்பு மயிர்களைத் தூளாகப் பிரித்தல். எமது வீடுகளிலே மா அரிக்கும் அரிதட்டை எண்ணிக்கொண்டால் போதும். அத்தூளை அழுத்தினால் ஹஷீஷ். இரண்டாவது, பனிக்கட்டி இட்ட நீரில் மயிர்களை உதிர்த்து வடித்தல். மூன்றாவது, சூடும் அழுத்தமும் கொண்டு பிசினைப் பிழிதல். அது ரொசின் எனப்படும். நான்காவது, பியூட்டேன் போன்ற வாயுவிலோ மதுசாரத்திலோ கரைத்து, பின் அக்கரைப்பானை நீக்குதல். அவ்வாறு வந்த எண்ணெய் கண்ணாடித் தகடுபோல் உறைந்தால் ஒரு பெயர், மெழுகுபோல் இருந்தால் இன்னொரு பெயர், தேன்போல் இருந்தால் வேறொரு பெயர். ஐந்தாவது, அவ்வெண்ணெயை மேலும் வடித்துத் தூய்மையாக்குதல். மின்சிகரெற் குழாய்களில் அடைப்பது பெரும்பாலும் இதுவே. பெயர்கள் தோற்றத்தைக் குறிக்கின்றன, வலிமையைக் குறிப்பதில்லை. மெழுகு என்றவுடன் மென்மை என்று எண்ணுவோர் ஏமாறுவர்.

பெயர்க் குழப்பத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. எமது நாட்டில் "ஐஸ்" என்று சொல்லப்படுவது கஞ்சாவே அன்று. அது மெதம்பெற்றமைன் என்னும் முற்றிலும் வேறான இரசாயனம். பனிக்கட்டி நீரில் எடுத்த பிசினுக்கும் பிறநாடுகளில் ஐஸ் என்னும் அடைமொழி உண்டு. பெயரை மட்டும் கேட்டுக் கை நீட்டும் பிள்ளை எதனை வாங்கினான் என்பதை அவனே அறியான்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். இக்காலத்துக் கஞ்சாப் பூவில் நூற்றுக்கு 10 முதல் 20 வரை ரி.எச்.சி. இருப்பது வழக்கம். கரைத்தெடுத்த எண்ணெய்களில் நூற்றுக்கு 60 முதல் 90 வரை உண்டு. நூற்றுக்கு 15 உள்ள பூவின் ஒரு கிராமில் 150 மில்லிகிராம். நூற்றுக்கு 75 உள்ள எண்ணெயின் ஒரு கிராமில் 750 மில்லிகிராம். அமெரிக்க நாட்டுப் போதைப்பொருள் ஆராய்ச்சி நிறுவகம் 2021இல் ஆராய்ச்சிக்கென வகுத்த ஓர் அலகு 5 மில்லிகிராம் மட்டுமே. ஆகவே ஒரு நெல்மணியளவு எண்ணெயும் பல அலகுகளைத் தாங்கி நிற்கும். சிறிதுதானே என்னும் சொல் இங்கே பொருளற்றது.

இதன் விளைவு என்ன? ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் பதினொரு இடங்களில் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வொன்று, நூற்றுக்கு 10உம் அதற்கு மேலும் ரி.எச்.சி. உள்ள கஞ்சாவை நாள்தோறும் பயன்படுத்துவோரிடம் சித்தப்பிரமை நோய் தோன்றும் வாய்ப்பு, ஒருபோதும் பயன்படுத்தாதோரைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு எனக் கண்டது. ஆய்வு வைத்த எல்லைக்கோடு பத்து. எண்ணெயோ அறுபதிலே தொடங்குகின்றது. அமெரிக்காவில் 2019இல் மின்சிகரெற் புகைத்தோரிடையே கடும் சுவாசப்பை நோய் பரவியது. 2020 பெப்ரவரி நடுப்பகுதிவரை 2,807 பேர் மருத்துவமனை சேர்ந்தனர் அல்லது இறந்தனர். அவர்களுள் இறப்பென உறுதியானவை 68. கள்ளச் சந்தைக் கஞ்சா எண்ணெயில் கலந்த வைற்றமின் ஈ அசற்றேற்று அதற்கு வலுவான காரணமெனக் கண்டனர். கலப்படத்தால் மரணம் வந்தது. வீட்டிலே வாயுவைக் கொண்டு எண்ணெய் எடுக்க முயன்று தீயில் வெந்தோரும் அந்நாட்டில் உளர். 2021ஆம் ஆண்டின் இறுதியில் எமது நாட்டுச் சமையலறைகளில் எரிவாயு வெடித்த செய்திகளை நினைவிற் கொண்டோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

உண்ணும் வடிவமும் பாதுகாப்பானதன்று. புகைத்தது சில நிமிடங்களில் தாக்கும். உண்டதோ அரை மணி முதல் இரண்டு மணிவரை வாளாவிருக்கும். ஒன்றும் செய்யவில்லையே என்று இரண்டாம் உருண்டையை விழுங்கியவன், இரண்டும் ஒருங்கே ஏறும்போது தடுமாறுவான்.

ஆயின் இச்செடியில் மருந்தே இல்லையா எனக் கேட்கலாம். உண்டு, மறைக்க வேண்டியதில்லை. தூய்மையாக்கிய சி.பி.டி. மருந்தொன்றை அரிய வகை வலிப்பு நோய்கள் இரண்டுக்கு 2018இல் அமெரிக்க அரசு அனுமதித்தது. தண்டுவட நோயால் தசை இறுகுவோர்க்கு, செடியின் சாறு கொண்ட வாய்த்தெளிப்பு மருந்தை 2010இல் பிரித்தானியா அனுமதித்தது. இவையும் செறிந்த பொருட்களே. வேறுபாடு யாதெனில், ஒவ்வொரு துளியிலும் என்ன உண்டு, எவ்வளவு உண்டு என்று அளந்து எழுதப்பட்டுள்ளது. ஓஷானசியின் புட்டியில் இல்லாத அளவு இங்கே உண்டு. தெருவில் விற்கும் புட்டியில் அது இன்றும் இல்லை.

சட்டமும் பொருளின் வடிவத்தைக் கவனிக்கின்றது. 1961இன் சர்வதேச உடன்படிக்கை பூமுடி, பிசின், சாறு என்று தனித்தனியே குறிப்பிடுகின்றது. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுச் சட்டம் தனி இலையைக் கஞ்சா என்னும் வரையறைக்குப் புறம்பாக விட்டது. பிசினையும் அதன் எண்ணெயையும் சரஸ் என்னும் பெயருள் அடக்கியது. காசியிலே அரசு உரிமம் பெற்ற கடையில் பாங் விற்பதைக் கண்டு வந்தோர் அதனை எமது நாட்டுக்கும் பொருத்திவிடுதல் கூடாது. எமது நாட்டில் 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகரமான ஔடதங்கள் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் செடியையும் பிசினையும் அவற்றின் ஆக்கங்களையும் ஒருங்கே தடுக்கின்றன. எண்ணெய் என்னும் பெயர் நீதிமன்றத்தில் எவரையும் காவாது.

சிவமூலி என்றும் கோரக்கர் மூலி என்றும் இச்செடிக்குப் பெயருண்டு. அப்பெயர்களைச் சொல்லித் தமது பழக்கத்துக்குத் திருநீறு பூசுவோரும் எம்மிடையே உளர். மூலி என்றாற் செடி. ஆய்வுகூடத்து வாயுவிலே கரைத்து வடித்த எண்ணெய்க்கும் அம்மூலிக்கும் உள்ள தூரம், பாளைக்கும் சாராயப் போத்தலுக்கும் உள்ள தூரமே. ஈசன் பெயரை இச்சிறு வாணிபத்துக்கு விளம்பரப் பலகையாக்குதல் எவர்க்கும் அழகன்று.

ஆகவே, இளைஞர்களே, எவரேனும் புதுப் பெயரோடு ஒன்றை நீட்டினால் மூன்று வினாக்களை எழுப்புங்கள். இது செடியின் எப்பகுதி? இதன் செறிவு என்ன? அதனை அளந்தவர் யார்? மூன்றாவது வினாவுக்கு விற்பவனிடம் ஒருநாளும் விடை இராது. விடை இல்லாத இடத்திலிருந்து எழுந்து வருதல் கோழைத்தனமன்று. அதுவே படித்தவன் செயல்.

பெரியோர்களே, உங்களிடமும் ஒரு விண்ணப்பம். வீட்டுப் பிள்ளை தடுமாறி வந்து நின்றால் முதலில் அடியாதீர்கள். என்ன எடுத்தாய், எவ்வளவு, எப்போது என்று கேளுங்கள். மானத்துக்கு அஞ்சி, மருத்துவமனையில் வெறும் மயக்கம் என்று சொல்லாதீர்கள். எடுத்த பொருளை அறிந்தாலன்றி வைத்தியர் தக்க சிகிச்சை அளிப்பது அரிது. பழக்கத்தினின்று மீள விரும்புவோர்க்கு ஆலோசனை வழங்க, 1984இல் நிறுவிய தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை உண்டு. அதன் வாயிலை நாடுவது குடும்பத்துக்கு இழுக்கன்று.

எமது முன்னோர் ஒரே பாலைத் தயிரென்றும் வெண்ணெயென்றும் நெய்யென்றும் வேறுவேறு பெயரிட்டு, ஒவ்வொன்றையும் உண்ணும் அளவையும் வகுத்தனர். அந்த நுண்ணறிவு எமக்கும் வேண்டும். பெயரைக் கேட்டு மயங்காது பொருளைக் கண்டு தெளியும் இளைஞர் கூட்டம் இவ்வாவிக் கரையிலே வளர்க என வேண்டி அமைகின்றோம்.