புல்லுக்குள் பூட்டிக் கிடக்கும் சர்க்கரை



சைலேஜ் தயாரிப்பில் நொதிகளின் பங்கு பற்றிப் பேச இந்தக் கருத்தரங்கில் கூடியிருக்கிறோம். தலைமை தாங்கும் வாய்ப்பைக் கட்டுரை படிப்பவர்களிடம் ஒரு முக்கியக் கோரிக்கை வைக்கப் பயன்படுத்திக்கொள்கிறேன். நொதி சேர்த்ததால் நார் எவ்வளவு குறைந்தது என்று சொல்லும்போது, மாடு எவ்வளவு தின்றது, எவ்வளவு செரித்தது, எவ்வளவு கறந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏன் இப்படிக் கேட்கிறேன் என்பதற்குச் சற்று விளக்கம் தேவை.

நம் பண்ணையாளரின் வயலில் பெரும்பாலும் நிற்பது கம்பு நேப்பியர் ஒட்டுப்புல். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தந்த கோ-4, கோ-5 இரகங்களை அறியாதவர் இந்த அவையில் இருக்க மாட்டார். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆளை மறைக்கும் உயரத்துக்கு வளர்கிறது. பங்குனி, சித்திரையில் அதே தொழுவத்தில் வைக்கோலைத் தவிர வேறொன்றும் இருப்பதில்லை. மழைக்காலத்து மிகுதியைக் கோடைக்குக் கொண்டுபோகும் வழிதான் சைலேஜ் எனப்படும் ஊறுகாய்ப்புல். நறுக்கி, குழியில் இட்டு மிதித்து, காற்றுப் புகாமல் மூடி வைத்தால் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் புல்லில் உள்ள சர்க்கரையை அமிலமாக்குகின்றன. பி.எச். அளவு 4-ஐ ஒட்டி இறங்கியதும் கெடுக்கும் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன.

மக்காச்சோளத்தில் இது எளிதாக நடக்கிறது. நேப்பியரில் நடப்பதில்லை. நல்ல நொதித்தலுக்கு உலர்பொருளில் 6 முதல் 8 விழுக்காடாவது கரையும் சர்க்கரை வேண்டும். வெப்பமண்டலப் புற்கள் பலவற்றில் அது இருப்பதில்லை. குளிர்நாட்டு ரைபுல் தன் சேமிப்பை எளிதில் கரையும் ஃப்ரக்டானாக வைத்துக்கொள்கிறது. நம் புற்கள் மாவுச்சத்தாக வைக்கின்றன. லாக்டிக் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றுக்கு மாவுச்சத்தை உடைக்கத் தெரியாது. அமிலம் மெதுவாக ஊறும் அந்த இடைவெளியில் கெடுக்கும் பாக்டீரியாவான கிளாஸ்டிரிடியம் நுழைகிறது. குழியைத் திறந்ததும் காறிய வெண்ணெய் நாற்றம் அடிக்கிறதென்றால் பியூட்டிரிக் அமிலம் சேர்ந்துவிட்டது என்று பொருள்.

இத்தனைக்கும் அந்தப் புல்லின் உலர்பொருளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு செல்சுவர். செல்லுலோசும் ஹெமிசெல்லுலோசும் சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த சங்கிலிகளே. சர்க்கரையால் ஆன புல்லுக்குள் இருந்துகொண்டு பாக்டீரியா பட்டினி கிடக்கிறது. அந்தப் பூட்டைத் திறக்கத்தான் செல்லுலேஸ், சைலனேஸ் நொதிகளைத் தேடுகிறோம். மாவுச்சத்துக்கு அமைலேஸ்; வேலிமசால், குதிரைமசால் போன்ற பயறுவகைத் தீவனங்களுக்கு அவற்றோடு பெக்டினேஸ்.

வரலாற்றில் இந்த வழிக்கு முன்னால் நின்றது வேறொரு வழி. பின்லாந்து வேதியியலாளர் அ.இ. விர்தானென், பாக்டீரியா அமிலம் தயாரிக்கும்வரை காத்திருக்காமல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் கந்தக அமிலத்தையும் புல்லில் நேரடியாகத் தெளித்தார். தீவனத்தைப் பதப்படுத்தும் இந்த முறைக்காகச் சிறப்பாகக் குறிப்பிட்டே 1945-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. பயனுள்ள முறைதான், ஆனால் கையைச் சுடும், இயந்திரத்தை அரிக்கும். செல்லுலேஸின் கதையோ போர்க்களத்தில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்கள் மக்கிப்போயின. காரணம் தேடியவர்கள் கண்டெடுத்த பூஞ்சை, பின்னாளில் எல்வின் ரீஸ் என்ற ஆய்வாளரின் நினைவாக ட்ரைக்கோடெர்மா ரீசி எனப் பெயர் பெற்றது. கூடாரத்தைத் தின்ற அந்தப் பூஞ்சையின் வழிவந்த வகைகளே இன்று தொழிற்சாலைகளில் செல்லுலேசைச் சுரக்கின்றன.

இந்தப் பூஞ்சை நொதிகள் முழு வேகத்தில் இயங்குவது சுமார் 50 பாகை செல்சியசில், பி.எச். 5-ஐ ஒட்டிய நிலையில். நொதிப் பொட்டலத்தின்மேல் அச்சிட்டுள்ள செயல்திறன் அலகும் பெரும்பாலும் அந்த நிலையில் அளந்ததே. நம் குழியின் வெப்பம் 30 முதல் 40 பாகை, தொடக்கத்தில் பி.எச். 6-ஐ ஒட்டி இருக்கும். குளிர்நாட்டுக் குழியைவிட நம்முடையது நொதிக்குச் சாதகமானது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் லாக்டிக் பாக்டீரியாவும் கிளாஸ்டிரிடியமும் மோதும் முதல் சில நாட்களுக்குள் சர்க்கரை வந்து சேர வேண்டும். முப்பதாம் நாளில் வந்து சேரும் சர்க்கரையால் அந்தப் போட்டியின் முடிவு மாறாது. எனவே ஒவ்வொரு கட்டுரையிலும் குழியின் வெப்பத்திலும் பி.எச். நிலையிலும் அளந்த செயல்திறனை எதிர்பார்க்கிறேன்.

இனி மையமான சிக்கலுக்கு வருகிறேன். நொதி சேர்த்த சைலேஜில் நார் குறைந்திருப்பதை உலகெங்கும் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் மாட்டின் செரிமானமோ பாலோ அதே அளவில் உயர்ந்ததாகக் காட்டியவை அவற்றில் குறைவு. காரணம் புரியாததல்ல. நாம் சேர்க்கும் நொதி முதலில் கரைப்பது எளிதில் கரையும் நாரை. அந்த நாரை மாட்டின் அசையூண் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் எப்படியும் செரித்திருக்கும். வயிற்றில் நடக்க வேண்டிய வேலையைக் குழிக்கு மாற்றிவிட்டு, மிச்சமிருக்கும் கடினமான நாரை மாட்டுக்குக் கொடுக்கிறோம். பரிசோதனை அறிக்கையில் எண் அழகாக இருக்கும். பால் கேனில் மாற்றம் இருக்காது.

உண்மையான தடை லிக்னின். புல் இனங்களில் ஃபெருலிக் அமிலம் ஹெமிசெல்லுலோசை லிக்னினோடு பிணைத்து வைத்திருக்கிறது. அந்தப் பிணைப்பை அறுப்பது ஃபெருலேட் எஸ்டரேஸ் என்ற நொதி. அதைத் தாமே சுரக்கும் லாக்டிக் பாக்டீரியா வகைகளும் பிரித்தெடுக்கப்பட்டுச் சந்தைக்கு வந்துவிட்டன. சோதனைக் குழாயில் நம்பிக்கை தரும் முடிவுகள் உண்டு. மாட்டில் கலவையான முடிவுகளே. முற்றிய நேப்பியர் தண்டில் லிக்னின் மிகுதி என்பதால், நம் ஆய்வு மாணவர்கள் உழைக்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

குழியைத் திறந்த பிறகு நடப்பதையும் பார்க்க வேண்டும். நொதித்தல் முடிந்த பின்னும் நொதி சர்க்கரையை விடுவித்துக்கொண்டே இருந்தால், காற்றுப் பட்டவுடன் ஈஸ்டுகளுக்கு அது விருந்து. நம் வெயிலில் சைலேஜ் சூடேறிப் பூசணம் பூக்க அதிக நேரம் ஆகாது. இரண்டு மாடு வைத்திருப்பவர் ஒரு சைலேஜ் மூட்டையை ஒரே நாளில் தீர்க்க முடியாது. அசெட்டிக் அமிலம் தந்து ஈஸ்டை அடக்கும் லாக்டோபேசில்லஸ் புக்னெரி போன்ற பாக்டீரியாக்களை நொதியோடு இணைத்து ஆராய்வதை வரவேற்கிறேன். திறந்த பின் எத்தனை மணி நேரம் சூடேறாமல் தாங்கியது என்ற அளவு இல்லாத ஆய்வு நம் நாட்டுக்கு முழுமையானதல்ல.

ஈரம் பற்றியும் ஒரு சொல். அறுத்த நேப்பியரில் உலர்பொருள் 20 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். செல்சுவரை உடைத்தால் அது பிடித்து வைத்திருந்த நீரும் வெளியேறும். காசு கொடுத்து விடுவித்த சர்க்கரை சாறோடு சேர்ந்து மண்ணுக்குப் போய்விடும். வெயிலில் வாட்டி 30 விழுக்காட்டுக்காவது கொண்டுவர வேண்டும். மழை விடாத நாளில் நறுக்கிய வைக்கோலைக் கலந்து ஈரத்தை இழுக்கச் செய்யலாம். இதைச் செய்யாத குழியில் எந்த நொதியும் எடுபடாது. மிதிப்பது சரியில்லாத குழியிலும் அப்படியே.

பொட்டலத்தில் வரும் நொதியைப் பற்றியே பேசுகிறோம். ஆனால் இலையும் தன் சொந்த நொதிகளோடுதான் குழிக்குள் வருகிறது. குதிரைமசால் இலையின் புரதம் உடைக்கும் நொதிகள், குழி போதிய அளவு அமிலமாகும் முன்பே, உண்மைப் புரதத்தில் பாதியையும் தாண்டிச் சிதைத்துவிடக்கூடும். சிவப்பு குளோவரில் அந்த இழப்பு வெகுவாகக் குறைவு. அதிலுள்ள பாலிஃபீனால் ஆக்சிடேஸ் புரதத்தைக் காக்கிறது. ஒரு நொதியைச் சேர்ப்பதோடு இன்னொன்றை அடக்குவதும் நம் பாடப்பொருளே.

விலைக்கு வருவோம். நொதி சேர்க்காத புல்லோடு மட்டும் ஒப்பிட்டு நொதிக்கு வெற்றி அறிவிப்பது பண்ணையாளருக்கு நியாயமல்ல. டன்னுக்கு 20 கிலோ மொலாசஸ் கலந்த குழியும் அதே சோதனையில் பக்கத்தில் இருக்க வேண்டும். அவர் கையில் ஏற்கெனவே இருக்கும் மாற்று வழி அது. கோடையில் தகரக் கூரையின்கீழ் அடுக்கி வைத்த பொட்டலத்தில் எவ்வளவு நொதி உயிர்ப்போடு மிஞ்சுகிறது என்பதையும் கடையிலிருந்தே எடுத்துச் சோதியுங்கள். நொதித் தூளைத் தொடர்ந்து சுவாசித்தால் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் வரக்கூடும். தீவனம் கலக்கும் வேலை நம் வீடுகளில் பெரும்பாலும் பெண்களுடையது. முகக்கவசம் பற்றிய எச்சரிக்கை தமிழில், படிக்கும் அளவு எழுத்தில், பொட்டலத்தின் முன்பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று இந்தக் கருத்தரங்கு தீர்மானம் நிறைவேற்றினால் மகிழ்வேன்.

முதல் அமர்வில் நேப்பியர் பற்றிய கட்டுரைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் முடிவிலும் முதல் கேள்வியைக் கேட்கும் உரிமையை முன்வரிசைப் பண்ணையாளர்களுக்குத் தருமாறு அமர்வுத் தலைவரைக் கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.