பார்க்க வருகிறவர் விலை கொடுக்கட்டும்



ஆடித்தபசுக்கு நம் சங்கரன்கோவிலில் கூடும் கூட்டத்துக்குக் கணக்கில்லை. கோமதி அம்மனைக் கும்பிடுகிறார்கள், புற்றுமண் வாங்கி நெற்றியில் பூசுகிறார்கள், பொட்டலம் கட்டி வீட்டுக்கும் கொண்டுபோகிறார்கள். அப்புறம் பஸ் ஏறிவிடுகிறார்கள். புற்றுமண்ணைப் பக்தியோடு வாங்கும் கை, ஊர் எல்லையிலேயே கிடக்கும் கரிசல் மண்ணை அள்ளிப் பார்ப்பதில்லை. வந்து பாருங்கள் என்று அவர்களை இதுவரை யாரும் கூப்பிட்டதும் இல்லை.

கூப்பிடாமலே கூட்டம் வந்தால் என்ன ஆகும் என்பதைத் தென்காசிப் பக்கம் சுந்தரபாண்டியபுரம் காட்டிவிட்டது. குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில் அங்கே சூரியகாந்தி பூக்கிறது. கேரளத்திலிருந்து கார் காராக வந்து இறங்குகிறார்கள். வரப்பில் நின்று படம் எடுத்துப் போகிறவர் உண்டு. செடியை மிதித்துக்கொண்டு உள்ளே போய்ப் பூவை ஒடிக்கிறவரும் உண்டு. பொறுத்துப் பார்த்த விவசாயிகள் சிலர், நுழைய ஆளுக்கு இவ்வளவு என்று வாங்க ஆரம்பித்தார்கள். உடனே, “பூவைப் பார்க்கவும் காசா?” என்று ஒரு முணுமுணுப்பு!

காசுதான். சினிமாவில் அதே வயலைப் பார்க்க டிக்கெட் வாங்கியவர்கள், விதை போட்டு, களை எடுத்து, ராத்திரி மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சியவனிடம் மட்டும் இலவசம் கேட்பது எந்த ஊர் நியாயம்?

இந்த மேடையின் வழக்கு இதுதான்: இயற்கை விவசாயம் செய்யும் சிறு விவசாயிக்குத் தனி விலை கிடைக்கும் ஒரே இடம் அவனுடைய தோட்டம். புளியங்குடியை எலுமிச்சை நகரம் என்கிறோம். அங்கே உரம் போட்டு விளைந்த காயும் சாணமும் தழையும் போட்டு விளைந்த காயும் ஏலக்கடையில் ஒரே குவியல், ஒரே விலை. நம் ஊர் மல்லிகைக்கும் அதே கதை. பனிக்காலத்தில் வரத்துக் குறைந்து விலை ஏறும், வெயிலில் பூ குவிந்தால் பறிகூலிக்கும் கட்டாது. சான்றிதழ் வாங்கு என்று உபதேசம் செய்கிறார்கள். ஆனால் இயற்கை உணவு பற்றிய 2017-ம் ஆண்டு மத்திய விதிமுறையே, ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்க்கு மேல் விற்காத சிறு உற்பத்தியாளர் சாப்பிடுகிறவருக்கே நேராக விற்றால் சான்றிதழ் கட்டாயமில்லை என்கிறது. வாங்குகிறவர் தோட்டத்துக்கு வந்து, கிணற்றையும் எருக்குழியையும் கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கும்போது அதைவிடப் பெரிய முத்திரை எதற்கு?

தோட்டத்தைப் பார்க்க ஆள் வருவது இந்தப் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. கரும்பிலும் எலுமிச்சையிலும் இயற்கை முறையை நிலைநாட்டிய புளியங்குடி அந்தோணிசாமி, கோமதிநாயகம் தோட்டங்களைப் பார்க்க வெளியூர் விவசாயிகள் வந்தார்கள். அதற்கு யாரும் சுற்றுலா என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். அறுபதுகளில் பக்கத்துக் கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார், மானாவாரிக்காரனுக்கு உதவாத ஆராய்ச்சி இது என்று சொல்லி அரசு வேலையை உதறினார். பின்னாளில் கரூர் மாவட்டம் கடவூரில் அவர் உண்டாக்கிய ‘வானகம்’ பண்ணைக்கு நகரத்துப் பிள்ளைகள் பயிற்சிக்கு வருகிறார்கள், மண்ணில் இறங்கி வேலை செய்கிறார்கள்.

“விவசாயி என்ன காட்சிப்பொருளா?” என்று மானம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். விளைந்ததைக் கமிஷன் கடை வாசலில் கொட்டிவிட்டு, என்ன விலை விழுமோ என்று கைகட்டி நிற்கும்போது இந்த மானம் எங்கே போயிருந்தது?

உண்மையில் பயப்பட வேண்டிய ஆள் வேறு. ஐந்து ஏக்கரை வளைத்து, நீச்சல் குளம் வெட்டி, வாசலில் ஒரு மாட்டுவண்டியை நிறுத்தி, ‘பண்ணை வீடு’ என்று பலகை மாட்டுகிறவர் அவர். பலகையில்தான் பண்ணை. காய்கறி மார்க்கெட்டிலிருந்து வரும், குளத்துக்குத் தண்ணீர் பக்கத்துக் கிணறுகளின் ஊற்றிலிருந்து போகும். இத்தாலி இதற்கு 1985-லேயே சட்டம் போட்டுவிட்டது. அங்கே விருந்தினரைத் தங்கவைக்க உரிமை உள்ளவர் விவசாயி. உழவுதான் முதல் தொழில், விருந்து அதைச் சார்ந்தது. இன்று அங்கே 25,000-க்கு மேற்பட்ட பண்ணைகள் இப்படி நடக்கின்றன. நம் நாட்டிலேயே மகாராஷ்டிரத்தில், பாராமதிப் பக்கம் பாண்டுரங் தாவரே 2005-ல் தொடங்கிய முயற்சி பரவி, 2020-ல் அந்த மாநில அரசே வேளாண் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது.

ஒரு சங்கடத்தை மறைக்கக்கூடாது. கூட்டம் வருவது ஆடியில். அப்போது நம் மானாவாரிக் கரிசல் வெறும் காடு. ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் அது உயிர் பெறும். கம்பும் உளுந்தும் பருத்தியும் கண்ணுக்கு நிறைவது மார்கழி, தை. ஆகவே ஆடியில் கிணற்றுப் பாசனத் தோட்டங்கள் ஆளைக் கூப்பிடட்டும், எலுமிச்சையும் மல்லிகையும் அப்போதும் உண்டு. கரிசல்காட்டுக்குத் தையில் தனியாகக் கூப்பிடுவோம். பொங்கல் விடுமுறைக்குச் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் ஊர் திரும்பும் நம் சொந்தபந்தமே முதல் விருந்தாளியாக இருக்கட்டும். அவர்களுக்குக் கம்மங்கூழ் கொடுங்கள். காசையும் வாங்கிக்கொள்ளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

தென்காசி 2019-ல் தனி மாவட்டமானது. ஆட்சியர் அலுவலகம் பக்கத்திலேயே வந்துவிட்டது. மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மூன்று கோரிக்கைகளை எழுதிக் கொடுப்போம். சொந்தமாகவோ குத்தகைக்கோ உழுகிறவர் தவிர வேறு யாருக்கும் ‘பண்ணைச் சுற்றுலா’ என்ற பெயரில் உரிமம் கூடாது. பரிமாறும் சாப்பாட்டில் பெரும்பகுதி அந்தத் தோட்டத்திலும் அக்கம்பக்கத்திலும் விளைந்ததாக இருக்கவேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை பேர் உள்ளே வரலாம் என்பதை நிலத்துக்காரர் முடிவு செய்யவேண்டும், சுற்றுலா ஏஜெண்ட் அல்ல. பஞ்சாயத்துக்கு வேலை ஒன்றுதான்: தோட்டத்துக்குப் போகும் வண்டிப்பாதையைச் சரிசெய்து, ஒரு கழிப்பறை கட்டிக் கொடுக்கட்டும்.