கையளவு சிலை சொல்லும் சரித்திரம்
(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



பெரிய கோயில்களைப் பற்றியும் பெரிய சிலைகளைப் பற்றியும் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் உள்ளங்கையில் அடங்குகிற ரோமானியச் சிலைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

நம் வீட்டுப் பூஜை மாடம் மாதிரி ரோமானியர் வீட்டிலும் ஒரு மாடம் உண்டு. வீட்டைக் காக்கும் தெய்வங்களை வெண்கலத்தில் சிறிதாக வார்த்து அதில் வைத்துக் கும்பிட்டார்கள். மெழுகில் உருவம் செய்து, மேலே களிமண் பூசி, சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றைக்கும் செய்கிற முறைதான் அது.

அப்படிப்பட்ட சிலை நம் நாட்டுக்கும் வந்தது. மகாராஷ்டிரத்தில் கோல்ஹாப்பூரை ஒட்டி, பஞ்சகங்கை ஆற்றங்கரையில் பிரம்மபுரி என்று ஒரு மேடு. 1940-களில் அங்கே கடல் தெய்வமான பொசைடனின் வெண்கலச் சிலை கிடைத்தது. ஒரு சாண் உயரம்கூட இல்லை. கடல் தாண்டி, மலை தாண்டி வந்த சாமி! கூடவே மேல்நாட்டு ஜாடியும், நம் ஊர் வெண்கலச் சாமான்களும் கிடைத்தன. அவற்றோடு சேர்ந்து கிடைத்ததால்தான், ரோமாபுரிச் சரக்கு துறைமுகத்தோடு நிற்காமல் உள்நாடு வரை வந்தது என்று அடித்துச் சொல்ல முடிகிறது. அதே சிலை ஒரு கடை அலமாரியில் தனியாக இருந்திருந்தால் என்ன சொல்லும்? ஒன்றுமே சொல்லாது. அழகுப் பொம்மை, அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் உலோகம் கண்டறியும் கருவியோடு வயலில் தேடுவதைப் பலர் பொழுதுபோக்காக வைத்திருக்கிறார்கள். 2014-இல் செம்ஸ்போர்டு அருகே அப்படித் தேடிய ஒருவருக்கு, முக்காடு வைத்த மேலங்கி போர்த்திய சிறு ரோமானிய உருவம் கிடைத்தது. அந்தக் குளிருக்கு ஜனங்கள் என்ன உடுத்தினார்கள் என்று அது காட்டியது. ஆனால் தங்கமோ வெள்ளியோ இல்லை, செம்புக் கலவை. அதனால் அன்றைய சட்டப்படி அது புதையலே இல்லை! வெளிநாட்டுக்குப் போக இருந்ததைத் தற்காலிகமாகத் தடுத்துத்தான் அருங்காட்சியகத்தில் சேர்த்தார்கள். 2023-இல் அந்த நாட்டுச் சட்டத்தையே திருத்தி, உலோகம் எதுவானாலும் சரித்திர முக்கியத்துவம் இருந்தால் புதையல்தான் என்று ஆக்கினார்கள்.

சரி, நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? நம் மாவட்டத்திலேயே வைப்பாற்றங்கரையில் வெம்பக்கோட்டை இருக்கிறது. 2022 முதல் மாநிலத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்து, சுடுமண் உருவங்கள், சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள் எல்லாம் எடுத்திருக்கிறது. எந்தக் குழி, எத்தனை ஆழம், பக்கத்தில் என்ன இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு உண்டு. அந்தக் குறிப்புதான் அந்தப் பொருளின் வாய்.

ஆனால் கிணறு வெட்டும்போதும், வாய்க்கால் தோண்டும்போதும், ஜேசிபி மண் அள்ளும்போதும் கிடைப்பதை யார் குறிப்பெடுக்கிறார்கள்? பழைய பித்தளை என்று எடைக்குப் போட்டால் இரண்டாயிரம் வருஷச் சரித்திரம் ஒரே நாளில் உலையில் உருகிவிடும். 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டால் அதன் மூலப்பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்கவும் வழி வைத்திருக்கிறது. 'சொன்னால் பிடுங்கிக்கொள்வார்கள்' என்ற பயத்தில் ஒளித்து வைக்கிறவர்களுக்கு இது தெரியாது.

நம்மில் ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், விவசாயிகள் இருக்கிறீர்கள், ஊராட்சிப் பொறுப்பில் இருக்கிறீர்கள். நாமாகத் தோண்டப் போக வேண்டாம். தற்செயலாக எதுவும் தட்டுப்பட்டால், கழுவாதீர்கள், புளி போட்டுத் தேய்க்காதீர்கள். இருந்த இடத்தை அடையாளம் வைத்து, போட்டோ எடுத்து, தாசில்தாருக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.