சுரங்கத்துக்கு ஆதரவு, சுரங்கத்தில் பங்கு

பழங்குடித் தலைவர் ஒருவர் அரசியலுக்கு வந்து, சுரங்கம் வேண்டும், ஆலை வேண்டும் என்று பேசினால் உடனே இரண்டு குரல்கள் எழும். 'இனத்தை விற்றுவிட்டார்' என்பது ஒன்று. 'ஆதிவாசியே சம்மதித்துவிட்டார், இனி யார் தடுப்பது?' என்பது இன்னொன்று. இரண்டும் தவறு. முதல் குரல், இரும்பின் வசதிகளை அனுபவித்துக்கொண்டே இரும்பைப் பழிக்கும் நகரத்துக் குரல். இரண்டாவது, ஒருவர் போட்ட கையெழுத்தை ஓர் இனத்தின் கைநாட்டாகக் காட்டப் பார்க்கும் கம்பெனிக் குரல். இரண்டுக்குமான பதில் ஜார்க்கண்டின் சிபு சோரன் வாழ்க்கையில் இருக்கிறது.

இந்தக் கதையின் ஒரு வேர் ஆவடியில் இருக்கிறது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணிச் சமுதாயமே நாட்டின் இலக்கு என்று தீர்மானம் போட்டது. அடுத்த ஆண்டு தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் பிலாய், ரூர்கேலா, துர்காப்பூர் என மூன்று உருக்காலைகள் எழுந்தன. ரூர்கேலா ஆலைக்காக 30-க்கும் மேற்பட்ட கிராமங்கள் காலி செய்யப்பட்டன. வெளியேறியவர்களில் பெரும்பாலோர் ஆதிவாசிகள். ஆவடி மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய யு.என். தேபர்தான், 1960-ல் அமைக்கப்பட்ட பட்டியல் பகுதிகள், பட்டியல் பழங்குடிகள் ஆணையத்துக்கும் தலைவரானார். அணைக்கும் ஆலைக்கும் நிலம் கொடுத்த பழங்குடிக் குடும்பங்களில் மாற்று நிலம் பெற்றவை குறைவே என்று அந்த ஆணையம் எழுதி வைத்தது. தீர்மானத்துக்குத் தலைமை வகித்தவரே அதன் விலையையும் பதிவு செய்ய நேர்ந்தது.

அந்த இரும்பு இன்றும் ஆவடிப் பக்கம் வந்துகொண்டுதான் இருக்கிறது. டாங்கிகளுக்கான கவசத் தகடு ரூர்கேலா ஆலையின் சிறப்புத் தகடு பிரிவில் உருவாகிறது. டாங்கி ஆவடியில் உருவாகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டின் லேத் பட்டறைகளும் பூந்தமல்லிச் சாலையோரத்து உதிரிபாகக் கம்பெனிகளும் உருக்கு இல்லாமல் ஒரு ஷிப்ட் ஓடாது. ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் இரும்பு வந்தது. பின்னாலேயே வேலை தேடி ஆளும் வந்தார். தாது இருக்கும் ஊரில் பிழைக்க வழியில்லாமல், தாது போய்ச் சேரும் ஊருக்கு ஒருவர் ரயிலேறுகிறார் என்றால், இடையில் எங்கோ கணக்கு தப்பியிருக்கிறது.

சிபு சோரன் 1944-ல், இன்றைய ராம்கட் மாவட்டத்து நேம்ரா கிராமத்தில், சந்தால் குடும்பத்தில் பிறந்தார். ஆசிரியரான தந்தை சோபரன் சோரன், வட்டிக்காரர்களை எதிர்த்ததால் 1957-ல் கொல்லப்பட்டார். கடனுக்குப் பறிபோன வயல்களில் ஆதிவாசிகளே இறங்கிக் கதிர் அறுக்கும் போராட்டத்தை மகன் நடத்தினார். 'திஷோம் குரு' என்று பெயர் பெற்றார். 1970-களின் தொடக்கத்தில் வினோத் பிஹாரி மஹதோவுடனும், தன்பாத் நிலக்கரித் தொழிலாளர்களின் தலைவர் ஏ.கே. ராயுடனும் சேர்ந்து ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சாவைத் தொடங்கினார். வயலும் சுரங்கமும் ஒரே கொடியின் கீழ் நின்றன. சுரங்கத்தை மூடு என்பது அந்தக் கூட்டணியின் கோஷமாக இருக்க முடியாது. சுரங்கத்தின் பலன் மண்ணின் மக்களுக்கு வேண்டும் என்பதே அதன் கோரிக்கை.

2004-ல் அவர் மத்திய நிலக்கரி அமைச்சரானார். 2006-க்குள் மூன்று முறை அந்தப் பதவியில் இருந்தார். இரண்டு முறை வழக்குகளால் விலக நேர்ந்தது. இரண்டு வழக்குகளிலும் பின்னர் விடுதலையானார். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. நிலக்கரி நிலங்களை அரசு எடுத்துக்கொள்வது 1957-ஆம் ஆண்டின் நிலக்கரிப் பகுதிகள் சட்டப்படி. ஆட்சேபம் தெரிவிக்க அதில் இடம் உண்டு; மறுக்க இடம் இல்லை. ஊரின் ஒப்புதல் அதற்குத் தேவையில்லை. 1957-ல் தந்தையை இழந்த மகன், அதே 1957-ன் சட்டத்தைக் கையில் வைத்திருக்கும் அமைச்சகத்தில் அமர்ந்தார். அவர் எழுந்து போன பிறகும் சட்டம் அப்படியே இருந்தது. நாற்காலியில் ஆள் மாறினால் போதும் என்று நம்புகிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

மாநிலத்தின் கதையும் அதுதான். 2000 நவம்பர் 15-ல், பிர்சா முண்டாவின் பிறந்த நாளில், ஜார்க்கண்ட் பிறந்தது. அதன் முதல்வர்களில் ரகுபர் தாஸ் ஒருவரைத் தவிர எல்லோரும் பழங்குடியினர். ஆனால் பட்டியல் பகுதிகளில் கிராம சபைக்கு அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டின் பெசா சட்டத்துக்கான விதிகள் அங்கே 20 ஆண்டுகளுக்கும் மேல் எழுதப்படாமலே கிடந்தன. அந்தச் சட்டமும் நிலம் எடுக்கும்போது கிராம சபையைக் கலந்து பேசச் சொல்கிறதே தவிர, நிலக்கரிக்கும் இரும்புத் தாதுவுக்கும் அதன் ஒப்புதலைக் கட்டாயமாக்கவில்லை. சிறு கனிமங்களுக்கு மட்டுமே அதன் பரிந்துரை கட்டாயம். மணலுக்கும் ஜல்லிக்கும் வாய் உண்டு, நிலக்கரிக்கு வாய் கிடையாது என்பது என்ன நியாயம்?

சிபு சோரனின் மகன் ஹேமந்த் சோரன் வேறு வழி பிடித்தார். 2020-ல் தனியார் விற்பனைக்கான நிலக்கரி ஏலத்தை எதிர்த்து அவரது அரசு உச்ச நீதிமன்றம் போனது. 2024 ஜூலை 25-ல், ராயல்டி என்பது வரி ஆகாது, கனிம நிலத்துக்கு மாநிலங்கள் வரி போடலாம் என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வில் எட்டுப் பேர் தீர்ப்பளித்தனர். அதே ஆண்டு ஜார்க்கண்ட் கனிம நிலத் தீர்வைச் சட்டம் கொண்டுவந்தது. சுரங்கத்தை ஏற்றுக்கொண்டு பங்கைக் கேட்கும் நிலை இது, வரவேற்க வேண்டியது. ஆனால் அந்தப் பணம் ராஞ்சி கஜானாவுக்குப் போகிறது. சுரங்கப் பகுதி மக்களுக்கென்று 2015-ல் வந்த மாவட்டக் கனிம அறக்கட்டளையின் சாவியோ கலெக்டரிடம் இருக்கிறது. குழி விழுந்த ஊரின் கையில் எதுவும் இல்லை.

கனடாவின் மேற்குக் கரையில் இதே விவாதம் நடந்து வேறு இடத்துக்குப் போயிருக்கிறது. ஹைஸ்லா மக்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவராக இருந்த எல்லிஸ் ராஸ், இயற்கை எரிவாயு ஏற்றுமதியை வெளிப்படையாக ஆதரித்தவர். 2017-ல் பிரிட்டிஷ் கொலம்பியா சட்டமன்றத்துக்கும் 2025-ல் கனடா நாடாளுமன்றத்துக்கும் தேர்வானார். நலத்திட்டத்தை நம்பியிருப்பதைவிட வேலையும் வருமானமும் மேல் என்பது அவரது வாதம். அதே ஹைஸ்லா மக்கள் சீடர் எரிவாயுத் திட்டத்தில் பாதிக்கு மேற்பட்ட பங்கின் உரிமையாளர்கள். ஆனால் அங்கும் எல்லாம் சுமுகமில்லை. அந்தக் கரைக்கு எரிவாயு கொண்டுவரும் குழாய்க்கு, வழியில் இருந்த 20 பழங்குடி மன்றங்கள் ஒப்பந்தம் போட்டன. வெட்சுவெட்டன் இனத்தின் மரபுவழித் தலைவர்கள் மறுத்தனர். 2020-ல் நாடு முழுவதும் ரயில் மறியல் நடந்தது. ஓர் இனத்துக்காகப் பேசும் வாய் எது என்பது தேர்தலோடு தீர்ந்துவிடுவதில்லை.

மறுக்கும் உரிமை இருந்தால் வளர்ச்சி நின்றுவிடும் என்கிறார்கள். 2013-ல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி ஒடிசாவின் நியமகிரியில் 12 கிராம சபைகள் கூடின. பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்று பன்னிரண்டும் கூறின. ஒடிசாவில் சுரங்கத் தொழில் நின்றுவிடவில்லை. தமிழ்நாட்டிலேயே மதுரை அரிட்டாபட்டி டங்ஸ்டன் ஏலம், ஊர்கள் திரண்டு எதிர்த்ததும் 2025 ஜனவரியில் ரத்தானது. மேலூர் மக்களின் மறுப்புக்கு டெல்லி செவி சாய்த்தது. அந்த மரியாதை ஜார்க்கண்டின் சந்தால், முண்டா, ஹோ மக்களுக்கும் உரியது.

எனவே சுரங்கத்தை ஆதரிக்கும் பழங்குடித் தலைவரைத் துரோகி என்பதும் வேண்டாம், அத்தாட்சியாகக் காட்டுவதும் வேண்டாம். அவரிடம் மூன்று கேள்விகள் போதும். கிராம சபை கேட்கப்பட்டதா, அதன் மறுப்பு செல்லுமா? கிடைப்பது நஷ்டஈடா, நிரந்தரப் பங்கா? அந்தப் பங்கைச் செலவிடும் அதிகாரம் யார் கையில்? மூன்றுக்கும் நேரான பதில் இருந்தால் அவரது ஆதரவு அவரது மக்களின் ஆதரவு. இல்லையென்றால் அது அவருடைய ஒரு ஓட்டு மட்டுமே. முதல் கேள்விக்கு விடை வர 1957-ஆம் ஆண்டின் சட்டம் திருத்தப்பட வேண்டும். பெசாவில் பெருங்கனிமங்களுக்கும் கிராம சபை ஒப்புதல் கட்டாயமாக வேண்டும். இந்தக் கோரிக்கை ராஞ்சியிலிருந்து மட்டும் எழுந்தால் டெல்லிக்குக் கேட்காது. அந்த உருக்கில் சம்பளம் வாங்கும் அம்பத்தூரிலிருந்தும், அந்தத் தீர்மானத்தைப் போட்ட ஆவடியிலிருந்தும் எழ வேண்டும்.