சத்திரசிகிச்சைக்குப் பின் ஓய்வும் நடையும்

சுவாசப்பைப் புற்றுநோய்க்காகச் சத்திரசிகிச்சை பெற்ற ஒருவர் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள தம் இல்லத்துக்குத் திரும்பும்போது சுற்றத்தார் என்ன செய்வர்? "அசையாமற் படுத்திருங்கள்" என்பர். தண்ணீர்ச் செம்பையும் கட்டிலருகே கொணர்ந்து வைப்பர். அன்பினாற் செய்யும் இவ்வுபசாரமே சில வேளைகளில் நோயாளிக்குப் பகையாய் முடிந்துவிடும்.

கால் நாளங்களில் உறைந்த குருதிக்கட்டி பெயர்ந்து, இதயத்தின் வழியே சென்று, சுவாசப்பையின் குருதிக்குழாயை அடைத்தல் கூடும் என்பதைச் செர்மானிய அறிஞர் ருடோல்ப் விர்க்கோ 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விளக்கினார். குருதி தேங்குதல், குழாய்ச் சுவர் பழுதுறுதல், குருதியின் உறையும் இயல்பு மிகுதல் என்னும் மூன்று காரணங்கள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. சுவாசப்பையின் ஒரு பகுதியை இழந்தவரிடம் இம்மூன்றும் ஒருங்கே கூடுகின்றன. படுக்கை குருதியைத் தேக்குகின்றது. சத்திரசிகிச்சை குழாய்களைத் தாக்குகின்றது. புற்றுநோயோ குருதி உறைதலைத் தூண்டுகின்றது. எஞ்சிய சுவாசப்பையில் அடைப்பு நேர்ந்தால் அதனைத் தாங்கும் வலிமையும் அவருக்குக் குறைவு.

வெலிசறையிலுள்ள சுவாச நோய்களுக்கான தேசிய வைத்தியசாலை போன்ற இடங்களில் இத்தகையோரைப் பேணும் தாதியரின் பணி இங்குதான் சிறப்புறுகின்றது. நோவு தணிந்தாலன்றி நோயாளி இருமவும் மாட்டார், நடக்கவும் மாட்டார். ஆதலின் முதலில் நோவைத் தணித்து, பின்பு அவரை எழுப்பி உட்காரவைப்பர். இயலுமாயின் மறுநாளே, மார்பிலிருந்து வரும் குழாயின் போத்தலை மார்பினும் தாழ்வாகப் பிடித்தவாறு, சில அடிகள் நடத்துவர். படுத்திருக்கும் நேரத்திற் பாதங்களை மேலுங்கீழும் அசைக்கப் பழக்குவர். வைத்தியர் பணித்தவாறு ஹெப்பரின் ஊசியும் ஏற்றப்படும். இறுக்கமான காலுறையைச் சுருக்கமின்றி அணிவித்து, நாள்தோறும் கழற்றித் தோலைப் பார்ப்பதும் தாதியின் கடமையே. கால் நாடிகளில் அடைப்புள்ளவருக்கு அக்காலுறை தீங்கு செய்யலாம்.

வீடு திரும்பியதும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. அது சில வாரங்கள் தொடரும். அதனாலேயே சிலருக்கு ஊசியை நான்கு வாரங்கள் வரை நீடிக்கின்றனர். ஊசி குத்திய இடத்தைத் தேய்க்கலாகாது. முரசில் இரத்தம் கசிந்தாலோ மலம் கறுத்தாலோ வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். தண்ணீரை வைத்தியர் அளவு குறித்திருந்தாலன்றிக் குறைத்தலாகாது. முதலில் வீட்டுக் கூடத்திலும், வலிமை கூடியபின் வெள்ளவத்தைக் கடற்கரை வீதியிலும் நடக்கலாம்.

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் நோவும் வெப்பமும் தோன்றினால், நல்லெண்ணெய் தேய்த்து உருவிவிடுதல் பெருந்தவறு; கட்டி பெயர்ந்து செல்ல அதுவே வழியாகலாம். அன்றே வைத்தியரை நாடவேண்டும். திடீரென மூச்சு முட்டினாலோ, நெஞ்சு குத்தினாலோ, இருமலில் இரத்தம் கண்டாலோ, மயக்கம் வந்தாலோ, "வெட்டிய புண்ணின் இளைப்பு" என்று காத்திருத்தல் ஆகாது. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய நோயாளர் வண்டி கட்டணமின்றி வரும்.

நோயாளிக்கு ஓய்வு வேண்டும். அசைவற்ற ஓய்வு வேண்டியதில்லை. தண்ணீர்ச் செம்பைக் கட்டிலருகே வைப்பதினும், அதுவரை அவர் நடந்து செல்லக் கைகொடுப்பதே மேலான உபசாரமாகும்.